ஜன்னலுக்கு எட்டாத நீளம்

விடுதி வாசலில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெண், ஒரு பையன் என்று நான்கு பேர் கைகோத்து நிற்கிற மாதிரிப் படம் வரைந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே வாய், ஒரே சிரிப்பு. வந்த இரண்டு பிள்ளைகளில் பெரியவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மா இல்லாமல் வந்தால் உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். அதெல்லாம் விடுவார்கள், வாயை மூடிக்கொண்டு நட என்றார் மேஸ்திரி.

அவளுடைய அப்பாவுக்குக் கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. தூணுக்கும் தளத்துக்கும் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அவை சந்திக்கிற இடத்திலெல்லாம் மெல்லிய கம்பியால் முறுக்கி இறுக்க வேண்டும். மேலே பத்துப் பேர் ஏறி நடந்தாலும் அவன் போட்ட முடிச்சு அசையாது. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு முடிச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சண்டை வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் அதே கட்டடத்தில் கலவை சுமந்தாள். போன வாரம் சாரத்துப் பலகை புரண்டு, தலையில் இருந்த சட்டியோடு கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. முதுகிலும் நல்ல அடி.

ஆள் விழுந்த இடம் என்று வேலையை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அதற்குள்ளேதான் அவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகையும் இருந்தது. மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். இவன் ஆஸ்பத்திரியை விட்டு எங்கே போவான்? மேஸ்திரி கம்பெனியில் பேசி, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த இந்தச் சின்ன விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தார். சத்தம் போடாமல், யாரிடமும் எதுவும் பேசாமல், மாப்பிள்ளை மாதிரி இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கென்றே நடத்துகிற விடுதி அது. முற்றத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற நீலத் தொட்டி ஒன்று. கீழ்த்தளத்தில் ஒரு அறை நிறையப் பிளாஸ்டிக் பந்துகள். சாப்பிடுகிற இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உயரமான நாற்காலி, அதில் இடுப்பைச் சுற்றி மாட்ட ஒரு வார். விடுதிக்காரம்மா இதையெல்லாம் சுற்றிக் காட்டினாள். தொட்டிப் பக்கம், மாடிப்படிப் பக்கம், தெருப் பக்கம் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது, அவர்கள்மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும் என்றாள். முடிச்சு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கு அவள் பேசுவது பிடித்திருந்தது. கட்டடத்தில் யாரும் அவனிடம் இவ்வளவு நேரம் நின்று பேசியதில்லை.

மாடியில் கொடுத்த அறையில் பெரிய கட்டில் கிடந்தது. அதில் சின்னவன் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். மெத்தை அவனை உள்ளே இழுத்தது, பயந்துவிட்டான். மூன்று பேரும் தரையில் படுத்தார்கள். காலையில் கூட்டிப் பெருக்க வந்த அக்கா கட்டிலைப் பார்த்துவிட்டு, "விரிச்சது விரிச்சபடி கிடக்கு. நீங்க மனுசங்களா, பேயா?" என்று கேட்டாள். பெரியவள், நாங்க பேய்தான் என்றாள். அப்படியென்றால் உங்களுக்கு டீ வேண்டாம் என்று அக்கா சொன்னதும், இல்லை இல்லை மனுசங்கதான் என்று அவள் பின்னாலேயே ஓடினாள். அம்மா விழுந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முடிச்சுக்குச் சிரிப்பு வரவில்லை.

வார்டில் நர்சம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. ஆள் இல்லையென்றால் குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்லலாம், அம்மா தேறும்வரை காப்பகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவனுக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரின் பெண்ணை இப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அது பெற்றவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டது. போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கொத்தனார் அதைச் சொல்லிச் சொல்லியே குடித்தார்.

நான்தான் கூடவே இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று நர்சம்மாவிடம் சொல்லி வைத்தான். அவள் நகர்ந்ததும் பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையக் கூடாது என்று மணல் பையை இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கை மட்டும்தான் அவளுடையது மாதிரி இருந்தது.

"யாரு கேட்டாலும் ரெண்டையும் கைய விட்டுக் குடுத்துடாத," என்றாள். "நான் எந்திரிச்சு வர்ற வரைக்கும் ரெண்டும் உன்கிட்டதான் இருக்கணும். சரின்னு சொல்லு."

சரி என்றான். இவ்வளவு நாளில் அவள் கேட்டு அவன் வாய்விட்டுச் சரி என்று சொன்னது குறைவு. அவள் அதையும் சொல்லிக் காட்டினாள்.

ஆனால் சிக்கல் அங்கேதான். நோயாளியைப் பார்க்கக் காலையிலும் சாயங்காலமும் நேரம் வைத்திருந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை. வெளி வராந்தாவில் விட்டுப் போகலாம் என்றால், அங்கே வண்டியும் ஸ்ட்ரெச்சரும் வந்தபடியே இருந்தன. அவன் போகாமலும் இருக்க முடியாது. அவளுக்கு ஊட்டிவிட, துடைத்துவிட, மருந்து வாங்கிவர ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அவன் யோசித்துப் பார்த்தான். கட்டடத்தில் என்ன செய்தார்களோ அதையே செய்வது என்று முடிவு செய்தான்.

கட்டட வேலைக்காரர்கள் வீட்டில் தவழுகிற பிள்ளையைக் கட்டித்தான் போடுவார்கள். சுற்றிலும் குழி, கம்பி முனை, சுண்ணாம்பு, கலவை இயந்திரம், தண்ணீர்த் தொட்டி. அதனால் நிழலாகப் பார்த்து ஒரு கம்பத்தில் துணியைக் கட்டி, அதன் மறு முனையைப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவார்கள். சுமை தூக்கத் தலையில் சும்மாடாகச் சுற்றுகிற நீளத் துணிதான் அது. இடுப்பில் அறுக்காது. அம்மாவின் வாசனை இருப்பதால் பிள்ளை அழாது. இதில் தெரிந்திருக்க வேண்டியது நீளம்தான். குறைந்தால் பிள்ளை முரண்டு பிடிக்கும், கூடினால் குழிக்கு எட்டிவிடும். பெரியவள் அப்படித்தான் வளர்ந்தாள். சின்னவனும் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தான். பக்கத்துக் கொட்டகையில் ஒருத்தி, பாவம் என் பிள்ளை விளையாடட்டும் என்று ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் அதைத் தூக்கினார்கள்.

அறையை நடந்து நடந்து பார்த்தான். ஜன்னல் தாழ்வாக இருந்தது, வெளியே வேடிக்கை பார்க்க வசதியாக வைத்தது. அதுதான் முதல் ஆபத்து. குளியலறை வாசல் அடுத்தது. தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலை அலமாரி மேலே ஏற்றினான். நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டான். மூட்டையில் இருந்த பெண்டாட்டியின் சும்மாட்டுத் துணியைக் கட்டில் காலில் கட்டி, சின்னவனை நடக்கவிட்டுப் பார்த்தான். ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னாலேயே துணி நின்றது. குளியலறைக்கும் எட்டவில்லை. கதவோரம் வரை போகலாம், பெரியவளின் பொம்மை வரை போகலாம், ரொட்டித் தட்டு வரை போகலாம். அவனுக்கு மனசு நிறைந்தது. ஒரு நல்ல தளத்தை முடித்துவிட்டு நிமிர்கிறபோது வருகிற மாதிரி இருந்தது.

பெரியவளிடம் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது இரண்டும் தரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

சாப்பாட்டு நேரத்தில் கீழே கூட்டிப் போனால், மற்ற பிள்ளைகள் அந்த உயர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று கத்துவார்கள். சின்னவன் மட்டும் ஓடிப்போய்க் கையைத் தூக்குவான். விடுதிக்காரம்மா அவன் இடுப்பில் வாரை மாட்டினதும் சமர்த்தாகச் சாப்பிடுவான். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை, எப்படி வளர்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். முடிச்சுக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் அவனுடைய அம்மாதான் என்றான்.

பந்து அறையிலும் முற்றத்திலும் அவன் அப்படி இல்லை. நடுவில் கொண்டுபோய் விட்டால் நின்ற இடத்திலேயே நிற்பான். எதுவரை போகலாம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

பெரியவளுக்கு ஊஞ்சல் ஆசை. ஆறு வயதுப் பிள்ளையிடம் அறைக்குள் இரு என்று சொன்னால் எத்தனை நாள் இருக்கும்? ஒரு நாள் காலையில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதும் மெல்ல இறங்கி வந்துவிட்டாள். முற்றத்தில் யாரும் இல்லை. ஆடிக்கொண்டிருந்தாள். விடுதிக்காரம்மா துணி உலர்த்த வந்தவள், தம்பி எங்கே என்று கேட்டாள்.

"மேல கட்டியிருக்கு," என்றாள் பெரியவள்.

விடுதிக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. எதைக் கட்டியிருக்கு என்று கேட்டாள்.

"தம்பியத்தான். ஜன்னலுக்கு எட்டாது. அப்பா அளந்துதான் கட்டியிருக்காரு. நீங்க பயப்படாதீங்க."

துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு அவள் மாடிக்கு ஓடினாள்.

முடிச்சு திரும்பி வந்தபோது அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. விடுதிக்காரம்மா கட்டில் ஓரத்தில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். கத்திரிக்கோலால் வெட்டி அவிழ்த்த துணி தரையில் கிடந்தது. பெருக்குகிற அக்கா கதவுப் பக்கம் நின்று அவனுக்கு என்னவோ சைகை காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எங்கே அடிபட்டது என்று பதறி வாங்கப் போனான். விடுதிக்காரம்மா கொடுக்கவில்லை.

"உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?" என்றாள். "நாய்க்குட்டியா இது?"

"எல்லாம் பாத்துத்தான் கட்டினேன்மா. ஜன்னலுக்கு எட்டாது. சுடுதண்ணி வைக்கிறத மேல ஏத்திட்டேன். இவன் அழுற பிள்ளையே இல்ல. நீங்க அவுத்ததுக்குத்தான் அழுறான்."

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுக்கும் கோபம் வந்தது.

"சாப்பாட்டு நாற்காலில நீங்களும்தான வாரு போட்டு மாட்டுறீங்க."

"நான் முன்னாடி நிக்கிறேன்," என்றாள் அவள்.

கட்டடத்தில் யாராவது ஒருத்தர் எப்போதும் முன்னால் நின்றார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மணல் சலிக்கிறவள், செங்கல் அடுக்குகிறவர், தண்ணீர் ஊற்றுகிற கிழவன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பிள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருத்தர் மூக்கைத் துடைத்துவிடுவார், ஒருத்தர் நிழல் நகர்ந்தால் துணியை அவிழ்த்து அடுத்த கம்பத்தில் கட்டுவார். இங்கே துணியும் கட்டிலும்தான் இருந்தன.

குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள் விடுதிக்காரம்மா. சொல்லாமல் இருந்தால் நாளைக்கு அவள்மேல் வரும், பிள்ளைகளை நம்பி நடத்துகிற இடம் இது என்றாள். நானும் ரெண்டு பெத்தவதான் என்றாள். கெட்டவளாக இருந்திருந்தால் அவனால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

முடிச்சு மேஸ்திரிக்குப் போன் செய்தான். அவர் முழுதும் கேட்டுவிட்டு, உனக்கு மூளை எங்கே போச்சு என்று திட்டினார். பிறகு தணிந்து, அவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டு, வழக்கு கிழக்கு என்று போனால் கம்பெனிப் பெயர் வெளியே வரும், பேசாமல் கொடுத்துவிடு, கொஞ்ச நாள்தானே என்றார். கொடுத்துவிடு என்று அவர் சொன்னது, கடப்பாரையைக் கொடுத்துவிடு என்று சொல்கிற மாதிரியே இருந்தது.

பெருக்குகிற அக்கா மட்டும் அவனுக்கு ஒத்தாசை செய்தாள். அதிகாரி மறுநாள் வருவார் என்று தெரிந்ததும், முதலில் அந்தத் துணியை ஒளித்து வை என்றாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை வாரி, கட்டில்மேல் உட்கார வை, தரையில் படுத்த அடையாளமே இருக்கக் கூடாது என்றாள். இனிமேல் நீ போகிற நேரத்தில் நான் வந்து உட்காருகிறேன் என்று அதிகாரியிடம் நானே சொல்கிறேன் என்றாள். அவளுக்கு அந்த நேரத்தில் மற்ற அறைகளில் வேலை இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டான்.

அதிகாரி அம்மாவுக்கு மெல்லிய குரல். முடிச்சு எதிர்பார்த்த மாதிரி அதட்டவில்லை. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெரியவளிடம் அவள் வரைந்த படத்தைக் காட்டச் சொன்னார், அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மா மேலேயிருந்து விழுந்துவிட்டாள், ஆனால் சட்டியை மட்டும் விடவில்லை என்றாள் பெரியவள். அது கட்டடத்தில் எல்லோரும் சொன்னது. அக்கா சொன்னபடியே வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். முடிச்சுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சின்னவனைக் கட்டில்மேல் வைத்திருந்தார்கள். அவன் நழுவி இறங்கினான். அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இரண்டு அடி வைத்தான், நின்றான். குளியலறைப் பக்கம் போனான். அங்கே கதவுக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து அடியில் மறைத்து வைத்திருந்த துணியை எப்படிக் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. வாசனையாக இருக்கும். இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு முனையைத் தன் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். மறு முனையை அதிகாரி அம்மாவின் கையில் கொடுத்தான்.

அவர் என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டார். சின்னவன் உடனே தரையில் உட்கார்ந்து பொம்மையின் காலைத் திருக ஆரம்பித்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார் அதிகாரி.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முடிச்சு சொன்னான். குழியைப் பற்றியும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த பிள்ளையைப் பற்றியும் சொன்னான். நீளம் அளப்பதைச் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண் கலங்கின மாதிரிகூட அவனுக்குத் தோன்றியது. துணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நீங்க பிள்ளைய வெறுத்துக் கட்டலைன்னு எனக்குத் தெரியுது," என்றார். "ஆனா நீங்க அங்க இருக்கும்போது இங்க தீப்பிடிச்சிருந்தா?"

கதவு, கட்டில், துணி, அவன் போட்ட முடிச்சு. பிள்ளையால் அவிழ்க்க முடியாது. பெரியவளாலும் முடியாது. வெளியாள் யாராலும் சட்டென்று முடியாது. விடுதிக்காரம்மாவே கத்திரிக்கோலால்தான் வெட்டியிருந்தாள். அவன் அதையெல்லாம் நினைத்துப் பார்த்தான்.

பிள்ளைகளைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார் அவர். அம்மா எழுந்து நடமாடி, தானே வந்து கேட்டால் அன்றைக்கே ஒப்படைக்கலாம். அதுவரை வாரத்துக்கு ஒரு முறை அப்பா வந்து பார்க்கலாம். அவன், இரண்டு பேரும் ஒரே இடத்தில்தானே இருப்பார்கள் என்று கேட்டான். அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வேறு கட்டடம், கொஞ்சம் தூரம்தான், ஆனால் விடுமுறை நாளில் சந்திக்க வைப்பார்கள் என்றார்.

"தம்பிக்கு இவதான்மா எல்லாம்," என்றான். "இவ இல்லாம தூங்க மாட்டான்."

"நான் எழுதிப் பாக்கறேன்," என்றார் அவர்.

மத்தியானம் வண்டி வந்தது. பெரியவள் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். போகிற இடத்திலும் ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டாள், இருக்கும் என்றார் அதிகாரி. அம்மாவுக்குக் குணமானதும் நேராக அங்கேதான் வருவாயா என்று அப்பாவிடம் கேட்டாள். ஆமாம் என்றான். வழியில் இருவரும் பிரிய வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்தான். அவள் ஜன்னலோர இடம் பிடித்து, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெரிய மனுசி மாதிரி அவன் தோளில் கை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததும் முடிச்சு அவள் பையை இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்தான்.

துணியையாவது சின்னவனோடு அனுப்பலாமா என்று கேட்டான். கட்ட வேண்டாம், சும்மா தலைமாட்டில் வைத்தால் போதும் என்றான். காப்பகத்தில் அதைப் பார்த்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அதிகாரி அதை மடித்து அவனிடமே கொடுத்தார். வண்டி கிளம்பினபோது சின்னவன் இருக்கைக்கு மேலே இருந்த வாரைக் காட்டி, அதை மாட்டச் சொல்லி ஓட்டுநரிடம் கையைத் தூக்கினான். அழவில்லை. அதுதான் முடிச்சுக்குத் தாங்கவில்லை.

மேலே போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். படியில் விடுதிக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்து இரண்டு தடவை நிறுத்தினாள். அறையைப் பற்றித்தான். இது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் உள்ள இடம், தனி ஆண்களைத் தங்கவிட்டால் மற்ற அறைகளில் இருக்கிற தாய்மார்கள் கேள்வி கேட்பார்கள், மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன் என்றாள்.

"நான் தனி ஆளு இல்லம்மா," என்றான்.

தெரியும் என்றாள் அவள். தெரிந்துதான் சொல்கிறாள் என்பது அவனுக்கும் தெரிந்தது. ஒரு பையில் ரொட்டி போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். வாங்காமல் வந்திருக்கலாம் என்று தெருவில் போகும்போது தோன்றியது. பசித்தது, தின்றான்.

வார்டில் அவன் பெண்டாட்டி கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். அவனைப் பார்த்ததும், நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாய், மழையா பெய்யப்போகிறது என்றாள். அவன் சிரிக்கவில்லை. கையில் மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டையுமா?" என்றாள்.

தலையாட்டினான். நடந்ததைச் சொன்னான். விடுதிக்காரம்மா அவிழ்த்ததை, அதிகாரி கேட்டதை, சின்னவன் துணியைக் கொண்டுவந்து கொடுத்ததை. தனித்தனிக் கட்டடம் என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. ஒண்ணாத்தான இருக்குங்க, ஒண்ணாத்தான என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அதையும் சொன்னான்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். கத்துவாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எப்பக் குடுப்பாங்களாம்?"

"நீ எந்திரிச்சு நடந்து வந்து கேட்டா அன்னைக்கே குடுப்பாங்களாம்."

"அப்ப என்னத் தூக்கு."

டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றான். எலும்பு சேர நாளாகும், முதுகைப் பற்றிப் பெரிய டாக்டர் வந்துதான் சொல்வார் என்றார்கள், கொஞ்சம் பொறு என்றான்.

"போனது டாக்டர் பிள்ளை இல்ல. தூக்குய்யா."

நர்சம்மா அடுத்த கட்டிலுக்குத் திரை போட்டு உள்ளே இருந்தாள். அவன் மணல் பையை நகர்த்தினான். ஒரு கையை அவள் தோளுக்குக் கீழே கொடுத்தான். எத்தனையோ தடவை கலவைச் சட்டியை அவள் தலைக்கு ஏற்றிவிட்டிருக்கிறான், அந்தக் கனத்துக்கு அவள் கழுத்து அசையாது. இப்போது அவளே சட்டி மாதிரி கனத்தாள். அவள் இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவன் தோளில் புதைத்து, சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பாதி தூரம் வந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. போதுமா என்றான். அவள் தலையை ஆட்டினாள், போதாது என்று.

முக்கால்வாசி நிமிர்ந்ததும் பல்லை எடுத்தாள்.

"காலக் கீழ விட்டுட்டேன்," என்றாள். "பாரு, தரையில படுதா?"

அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். போர்வைக்குள் கால் இரண்டும் வைத்த இடத்திலேயே நீட்டிக் கிடந்தன. விரல்கூட அசைந்திருக்கவில்லை.

"படுதாய்யா?" என்று மறுபடியும் கேட்டாள், அவன் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு.